ஆர்டர் போட்டேன், பங்கு வரவில்லையே!

சந்தை மேசை: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் எந்தப் பங்கை வாங்கலாம் என்று கேட்டு வந்தவை வழக்கம்போல் ஒரு கட்டு. அவற்றுக்கு இங்கே பதில் கிடையாது என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். மிச்சமிருப்பவை பெரும்பாலும் புதிதாகக் கணக்குத் தொடங்கியவர்கள் எழுதியவை. ஆர்டர் போட்டேன், நடக்கவில்லை. அல்லது நடந்தது, நான் நினைத்ததுபோல் நடக்கவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். "ரிஜெக்ட் ஆகிவிட்டது" என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். செயலியில் ஆர்டர் புத்தகத்தைத் திறந்து அந்த ஆர்டரைத் தொட்டால், அடியில் ஒரு வரியில் காரணம் இருக்கும். கரடுமுரடான ஆங்கிலத்தில், பாதி எண்களாக இருக்கும். பரவாயில்லை, அதை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். அந்த வரி இல்லாத கடிதத்துக்கு என்னால் குறிதான் சொல்ல முடியும்.

பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பங்கை 182 ரூபாய்க்கு 50 எண்ணிக்கை வாங்க, காலையிலேயே லிமிட் ஆர்டர் (இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்ற கட்டளை) போட்டேன். மதியம் திரையில் விலை 182 என்று காட்டியது. என் கண்ணால் பார்த்தேன். எனக்குப் பங்கு வரவில்லை. மாலையில் பார்த்தால் ஆர்டர் ரத்து என்று இருக்கிறது. நான் ரத்து செய்யவே இல்லை. புரோக்கர் என் ஆர்டரை அனுப்பாமலேயே ஏமாற்றியிருப்பாரோ?
– வாசகர், திருப்பூர்

சந்தேகப்படுவது நல்ல குணம்தான், சார். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். ஆர்டர் விவரத்தில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று புரோக்கர் கொடுத்தது, மற்றது பங்குச் சந்தை கொடுத்தது. சந்தை கொடுத்த எண் அங்கே இருந்தால் உங்கள் ஆர்டர் மும்பைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பொருள். புரோக்கர் அதைப் பையில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் ஏன் வரவில்லை? திரையில் பெரிய எழுத்தில் தெரியும் விலை, கடைசியாக யாரோ ஒருவர் யாரோ ஒருவருக்கு விற்று முடித்த விலை. அது நடந்து முடிந்த கதை. 182-க்கு வாங்க உங்களுக்கு முன்பே நூறு பேர் நின்றிருக்கலாம். ரேஷன் கடை வரிசைதான் இங்கேயும்: விலை ஒன்றாக இருந்தால் முதலில் வந்தவருக்கு முதலில். சரக்கு தீர்ந்ததும் கடை மூடினால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. அன்று மதியம் 182-க்கு விற்க வந்தவர்கள் கொஞ்சப் பேர். அவர்கள் கொண்டுவந்தது உங்களுக்கு முன்னால் நின்றவர்களோடு முடிந்தது, விலை மேலே ஏறிவிட்டது. பங்கின் பெயரைத் தொட்டால் வாங்குவோர் ஐந்து வரி, விற்போர் ஐந்து வரி என்று ஓர் அட்டவணை விரியும். ஒவ்வொரு விலையிலும் எத்தனை பங்குக்கு ஆள் நிற்கிறார்கள் என்பது அதில் தெரியும். பெரிய எழுத்து விலையைவிட எனக்கு அந்தப் பத்து வரிதான் முக்கியம்.

உங்கள் புரோக்கர் யோக்கியரா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. நீங்கள் ஆர்டர் போட்ட நேரத்துக்குப் பிறகு, அதே சந்தையில் விலை 182-க்குக் கீழே, ஒரு பைசா கீழே போயிருந்தால்கூட, 182-ல் நின்ற அத்தனை ஆர்டரும் நிறைவேறியிருக்க வேண்டும். அப்படிப் போயும் உங்களுக்கு வரவில்லை என்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். 182-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் கேட்க ஒன்றும் இல்லை. "அதே சந்தையில்" என்று சொன்னதைக் கவனியுங்கள். என்.எஸ்.இ.யில் ஆர்டர் போட்டுவிட்டு பி.எஸ்.இ. விலையைப் பார்த்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இரண்டும் தனித்தனிச் சந்தை, தனித்தனி வரிசை.

மாலையில் ரத்தானது இயல்பு. சாதாரண ஆர்டரின் ஆயுள் அன்றைய நாள் மட்டுமே. சந்தை மூடியதும் நிறைவேறாதவை தாமாகவே ரத்தாகும். நாளையும் வேண்டுமென்றால் நாளை மறுபடி போட வேண்டும். ஜி.டி.டி. என்று ஒரு வசதி பல செயலிகளில் இருக்கிறது: குறித்த விலை வந்தால் ஆர்டரை அனுப்பு என்று சொல்லி வைப்பது. அது புரோக்கரின் கணினியில் காத்திருக்கும். விலை வந்த பிறகுதான் சந்தைக்குப் போய் வரிசையின் கடைசியில் நிற்கும். அந்த நேரத்தில் கணக்கில் பணமும் இருக்க வேண்டும்.

பள்ளி ஆசிரியை நான். பகலில் கைபேசியைத் தொட முடியாது என்பதால் இரவு 9 மணிக்கு ஆர்டர் போட்டேன். அன்றைய முடிவு விலை 640 ரூபாய். மறுநாள் இடைவேளையில் பார்த்தால் 671 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறது! திரையில் இருந்த விலைக்குத்தானே நான் ஒப்புக்கொண்டேன்?
– வாசகி, புதுக்கோட்டை

அம்மா, நீங்கள் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை, அதுதான் சிக்கல். நீங்கள் அனுப்பிய படத்தில் 'மார்க்கெட்' என்ற வட்டம் நிரம்பியிருக்கிறது. மார்க்கெட் ஆர்டர் என்றால் "கிடைக்கிற விலைக்கு வாங்கு" என்று பொருள். அன்று மாலை அந்த நிறுவனத்தின் காலாண்டு முடிவு வந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். முடிவைப் படித்தவர்கள் எல்லாரும் காலையில் வாங்க வந்தார்கள்.

இரவில் போடுவது சந்தை நேரத்துக்குப் பிந்தைய ஆர்டர். அது காலைவரை புரோக்கரிடம் தூங்கும். 9 மணிக்கு முன்திறப்பு நேரம் தொடங்குகிறது. சுமார் 9.08 வரை ஆர்டர்களை வாங்கி வைத்துக்கொண்டு, அதிகப் பங்குகள் கைமாறக்கூடிய ஒரே விலையைக் கணக்கிட்டு, அந்த விலையில் முடிக்கிறார்கள். 9.15-க்கு வழக்கமான வணிகம். உங்கள் ஆர்டர் முன்திறப்பிலேயே போனதா, 9.15-க்குப் போனதா என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். எப்படிப் போனாலும் நேற்றைய 640-க்கும் அதற்கும் உறவில்லை.

உங்களைப் போலப் பகலில் பார்க்க முடியாதவர்கள் இரவில் ஆர்டர் போடுவதில் தவறே இல்லை. லிமிட் ஆர்டராகப் போடுங்கள். 645 வரை தரலாம் என்றால் 645. அதற்குக் கீழே கிடைத்தால் கீழ் விலைக்கே வாங்கும். முன்திறப்பில் கிடைக்காவிட்டால் அதே ஆர்டர் நாள் முழுவதும் நிற்கும். கிடைக்காமலே போனால் மாலையில் பணம் உங்களிடம் பத்திரமாக இருக்கும். பள்ளி மணி அடித்த பிறகு யோசிக்கலாம்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு. நீண்ட கால முதலீடு என்று 10 பங்கு வாங்கினேன். பிற்பகல் 3.20 போல புரோக்கரே அதை விற்றுவிட்டார்! அதற்குக் கட்டணமும் பிடித்திருக்கிறார்கள். இது சட்டப்படி சரியா ஐயா?
– வாசகர், நாகர்கோவில்

சரிதான் தம்பி, நீ கேட்டபடியே செய்திருக்கிறார்கள். வாங்கும் திரையில் இரண்டு தேர்வு இருக்கும்: ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதற்கான டெலிவரி, சில செயலிகளில் சி.என்.சி. என்று இருக்கும், மற்றது இன்ட்ராடே, எம்.ஐ.எஸ். என்றும் எழுதியிருப்பார்கள். இரண்டாவது அன்றைக்கே வாங்கி அன்றைக்கே விற்பவர்களுக்கானது. விலையில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு வாங்க விடுவார்கள். சந்தை முடிவதற்குள் நீ விற்காவிட்டால் அவர்கள் விற்றுவிடுவார்கள். அந்த வேலைக்குப் பல நிறுவனங்கள் ஓர் ஆர்டருக்கு 50 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் வாங்குகின்றன. 10 பங்கில் கிடைக்கும் லாபத்தை அதுவே தின்றுவிடும்.

உன் கடிதத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: "கணக்கில் இருந்த பணத்துக்கு மேல் வாங்க முடிந்தது, ஆச்சரியமாக இருந்தது." அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். முழுப் பணமும் கழியாமல் பங்கு வந்தால் அது டெலிவரி ஆர்டராக இருக்காது.

செயலி செய்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. போன முறை இன்ட்ராடே தேர்ந்தெடுத்தால் அடுத்த முறையும் அதையே முன்கூட்டி நிரப்பி வைக்கும் செயலிகள் இருக்கின்றன. அமைப்புகள் பகுதியில் டெலிவரியை நிரந்தரத் தேர்வாக வைக்க முடியுமா என்று பார். இன்னொன்று: இன்ட்ராடேயில் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறாய் என்றால், கையில் முழுப் பணம் இருந்தால், 3 மணிக்குள் அதை டெலிவரியாக மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு. அன்று நீ வகுப்பில் இருந்திருப்பாய்.

என் டீமேட் கணக்கில் பங்கு இருக்கிறது. மகள் கல்யாணச் செலவுக்குக் கொஞ்சம் விற்கலாம் என்றால் டி-பின் கேட்கிறது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. வரவழைக்கப் பார்த்தால், கணக்குத் தொடங்கியபோது கொடுத்த மகனின் எண்ணுக்குப் போகிறது. மகன் இப்போது துபாயில். அந்த சிம்மும் இயங்கவில்லை. என் பங்கை நான் விற்க இவ்வளவு தடையா?
– வாசகி, மதுரை

இந்தத் தடைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அம்மா. நான் சென்னை செகண்ட் லைன் பீச்சில், பழைய மெட்ராஸ் பங்குச் சந்தைக்கு அருகே ஒரு தரகர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பங்குகள் காகிதமாக இருந்தன. விற்பவரின் கையெழுத்து கம்பெனிப் பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்றால் 'பேட் டெலிவரி' என்று முத்திரை குத்தித் திரும்பி வரும். பங்குகளை மின்னணுப் பதிவாக வைக்கும் டீமேட் வந்ததும் கையெழுத்துத் தொல்லை போனது. அதற்குப் பதிலாகப் புரோக்கர்கள் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிக்கொண்டார்கள். நீங்கள் விற்றால் அவர்களே உங்கள் கணக்கிலிருந்து பங்கை எடுத்துக்கொள்வார்கள். வசதிதான். ஆனால் விற்காதபோதும் எடுக்கலாம் அல்லவா? 2019 நவம்பரில் கார்வி ஸ்டாக் புரோக்கிங் என்ற தரகு நிறுவனத்தின் மீது, சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி நடவடிக்கை எடுத்தது இதற்காகத்தான். வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. 2020 முதல், பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்காதவர்கள் விற்கும்போது பங்குகளைக் காத்து வைக்கும் டெபாசிட்டரிக்குத் தாங்களே அனுமதி தர வேண்டும். டி-பின் அந்த அனுமதிக்கானது.

இப்போது உங்கள் வழக்குக்கு வருவோம். உங்கள் பங்குகள் புரோக்கரிடம் இல்லை, சி.டி.எஸ்.எல். அல்லது என்.எஸ்.டி.எல். என்ற டெபாசிட்டரியில் இருக்கின்றன. டீமேட் எண் 16 இலக்கமும் எண்களாகவே இருந்தால் சி.டி.எஸ்.எல்.; 'ஐ.என்.' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் என்.எஸ்.டி.எல். டி-பின் கேட்பதால் உங்களுடையது முதல் வகை. அந்த ஆறு இலக்க எண்ணைத் தருவது சி.டி.எஸ்.எல்., புரோக்கர் அல்ல. அதை இட்டதும் ஓ.டி.பி. வரும், அதையும் இட்டால் விற்கலாம். இரண்டும் டீமேட்டில் பதிந்த கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும்தான் போகும். ஆகவே முதல் வேலை, எண்ணை மாற்றுவது. புரோக்கர் செயலியில் சுயவிவரப் பகுதியில் அதற்கு வழி இருக்கும். அது பழைய எண்ணுக்கே ஓ.டி.பி. அனுப்பி அடம்பிடித்தால், கையெழுத்திட்ட படிவத்தோடு பான், ஆதார் நகல் சேர்த்துப் புரோக்கர் கேட்கும் வழியில் அனுப்புங்கள். சில நாள் பிடிக்கும். கல்யாணத் தேதியை நீங்கள் எழுதவில்லை. நகைக்கடைக்கு முன்பணம் சொல்வதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள். விற்ற பணம் அடுத்த வேலை நாளில் புரோக்கர் கணக்குக்கு வரும், 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குக்கும் அதுதான் கணக்கு. அங்கிருந்து வங்கிக்கு எடுக்க இன்னும் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி விற்பவர்களுக்கு டி.டி.பி.ஐ. என்ற ஒப்புதல் படிவம் இருக்கிறது. பழைய பவர் ஆஃப் அட்டர்னிக்குப் பதில் 2022-ல் வந்தது. நீங்கள் விற்ற பங்கை எடுத்துக் கொடுக்க, நீங்கள் கேட்டால் அடகு வைக்க எனச் சில வேலைகளுக்கு மட்டுமே அது செல்லும். கொடுத்தால் ஒவ்வொரு முறையும் டி-பின் தேவையில்லை. கட்டாயம் இல்லை, கட்டாயப்படுத்தினால் அந்தப் புரோக்கரே தப்பு செய்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை விற்கும் உங்களுக்கு டி-பின்னே போதும் என்பது என் எண்ணம்.

தொலைபேசியில் யாராவது "சி.டி.எஸ்.எல்.லிலிருந்து பேசுகிறோம், டி-பின் சொல்லுங்கள்" என்றால் இணைப்பைத் துண்டியுங்கள். மகனிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

1,203.45 ரூபாய்க்கு லிமிட் போட்டால் நிராகரிக்கிறது. 1,203-க்குப் போட்டால் ஏற்கிறது. பணம் போதுமான அளவு இருக்கிறது. என்ன கூத்து இது?
– வாசகர், காரைக்குடி

விலைப் படிதான் காரணம், அதாவது விலை எத்தனை பைசாவாக ஏறி இறங்கலாம் என்ற அளவு. 2025 ஏப்ரல் முதல் என்.எஸ்.இ.யில் பங்கின் விலையைப் பொறுத்துப் படி மாறுகிறது. 250 ரூபாய்க்குக் கீழ் ஒரு பைசா, 1,000 வரை 5 பைசா, 5,000 வரை 10 பைசா, அதற்கு மேல் இன்னும் பெரிய படிகள். உங்கள் பங்குக்கு 10 பைசா. 1,203.40 அல்லது 1,203.50 போடுங்கள். பழைய 5 பைசாப் பழக்கம் விரலில் இருக்கிறது, அவ்வளவுதான்.

டெலிகிராம் குழுவில் சொன்ன ஒரு சிறு நிறுவனப் பங்கை 38 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது தினமும் 5 சதவீதம் விழுகிறது. விற்க ஆர்டர் போட்டால் அப்படியே நிற்கிறது, நிறைவேறுவதே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் "சிஸ்டம் சரியாக இருக்கிறது" என்கிறார்கள்.
– வாசகர், ஓசூர்

அவர்கள் சொல்வது உண்மை. உங்கள் பங்கு கீழ்ச் சுற்று வரம்பில் இருக்கிறது. பெரும்பாலான பங்குகள் ஒரு நாளில் 2, 5, 10 அல்லது 20 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ முடியாதபடி சந்தை வரம்பு வைக்கிறது. உங்களுடையதற்கு 5. விலை அந்த அடிமட்டத்துக்கு வந்ததும் விற்பவர்கள் லட்சக்கணக்கில் நிற்க, வாங்க ஆளே இருப்பதில்லை. அந்த ஐந்து வரி அட்டவணையைத் திறந்து பாருங்கள். வாங்குவோர் பக்கம் வெறும் சுழியாக இருக்கும்.

செய்யக்கூடியது குறைவு. முந்தைய இரவே, அனுமதிக்கப்பட்ட அடிமட்ட விலையில் விற்பனை ஆர்டர் போட்டு வையுங்கள். வரிசையில் முன்னால் நிற்க அதுதான் வழி. அடிமட்ட விலை தினமும் மாறும், ஆர்டரில் நேற்றைய எண் இருந்தால் பயனில்லை. இதைத் தினமும் செய்யுங்கள். வாங்கிய விலையின் சராசரி குறைகிறது என்று மேலும் வாங்கிவிடாதீர்கள். 38 ரூபாய்க்கு நீங்கள் வாங்கியபோது விற்றது யார் என்று யோசித்தீர்களா? அந்தக் குழுவின் பதிவுகளைப் படம் எடுத்து வைத்து செபியிடம் புகார் கொடுங்கள். பணம் திரும்பும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை இரவு 14,000 ரூபாய் புரோக்கர் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது. திங்கட்கிழமை ஆர்டர் போட்டால் பணம் போதாது என்று நிராகரிக்கிறது!
– வாசகி, தஞ்சாவூர்

வங்கிக் கணக்கைப் பார்த்தீர்களா? அங்கே இருக்கும். பயன்படுத்தாமல் கிடக்கும் பணத்தை மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை வாடிக்கையாளரின் வங்கிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது செபி விதி. பொதுவாக அந்தக் காலத்தின் முதல் வெள்ளி, சில நேரம் சனி. இந்தத் தொல்லை எனக்குப் பிடித்த தொல்லை. வாங்கப்போகும் நாளில் மறுபடி அனுப்பிக்கொள்ளுங்கள், உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலிருந்து மட்டும். கணவரின் கணக்கிலிருந்து அனுப்பினால் ஏற்கமாட்டார்கள்.

சந்தை திறந்த சில நிமிடங்களில் செயலி உறைந்துவிட்டது. 'வாங்கு' பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி, மறுபடி அழுத்தினேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று மடங்குப் பங்கு வந்திருக்கிறது. நஷ்ட ஈடு கேட்கலாமா? கூடுதல் பங்கை விற்பதா, வைத்துக்கொள்வதா?
– வாசகர், சேலம்

செயலி உறையும்போது, பொத்தானை மறுபடி தொடும் முன் பார்க்க வேண்டியது ஆர்டர் புத்தகம். கைபேசியில் அது திறக்காவிட்டால் கணினியில் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். அதுவும் இல்லையா, புரோக்கரின் ஆர்டர் மேசைக்குத் தொலைபேசி. அந்த எண்ணை இன்றே கைபேசியில் சேமித்து வையுங்கள், உறைந்த பிறகு தேட முடியாது. சந்தையேகூடச் சில நேரம் நின்றுபோகும். 2021 பிப்ரவரி 24 அன்று என்.எஸ்.இ. முற்பகல் 11.40-க்கு நின்று, பிற்பகல் 3.45-க்கு மீண்டும் திறந்து மாலை 5 மணிவரை நடந்தது. அன்று பி.எஸ்.இ. ஓடிக்கொண்டிருந்தது, அது தெரிந்தவர்கள் அங்கே விற்றார்கள்.

நஷ்ட ஈடு கேட்கலாம். கிடைப்பது ஆதாரத்தைப் பொறுத்தது. உறைந்த திரையின் படம், நேரம், ஒவ்வொரு ஆர்டரின் எண், அன்றிரவு வந்த ஒப்பந்தக் குறிப்பு (புரோக்கர் அனுப்பும் அன்றைய வணிக விவரச் சீட்டு) ஆகியவற்றோடு முதலில் புரோக்கருக்கு மின்னஞ்சல். திருப்தி இல்லாவிட்டால் செபியின் புகார்த் தளமான ஸ்கோர்ஸ். அதற்கு 21 நாளில் பதில் வர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். என்ற இணையவழித் தீர்வு மன்றம் இருக்கிறது. ஆனால் நீங்கள் மூன்று முறை அழுத்தியதை மூன்று கட்டளை என்றுதான் அவர்கள் வாதிடுவார்கள், அந்த வாதத்தில் வலுவும் இருக்கிறது.

கூடுதல் பங்கை அன்றைக்கே விற்றிருந்தால் அது இன்ட்ராடே வணிகமாகக் கருதப்பட்டு வரிக் கணக்கு தனியாகப் போயிருக்கும். இப்போது பங்கு டீமேட்டுக்கு வந்துவிட்டதால் எப்போது விற்றாலும் டெலிவரி விற்பனைதான். விற்கும் நாளில் டெபாசிட்டரி கட்டணம் ஒருமுறை கழியும். விற்பதா வைப்பதா என்பதற்குப் பங்கின் பெயர் தெரிய வேண்டும். நீங்கள் எழுதியிருந்தீர்கள்; கடிதத்தில் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தேன்.